ஓனரம்மா வீட்டு சோபா

என் ஸ்டுடியோவுக்கு வருகிறவர்கள் கேட்கும் படம் மூன்று வகைதான். கம்பெனி அடையாள அட்டைக்கு ஒட்டுகிற சின்னப் படம் ஒன்று. கல்யாணம், காதுகுத்து ஆல்பம் இரண்டாவது. மூன்றாவதுக்கு நானே ஒரு பெயர் வைத்திருந்தேன்: ஊர்ப் படம். தெற்கே இருந்து வேலைக்கு வந்த பிள்ளைகள், தாங்கள் இங்கே சௌக்கியமாக இருப்பதை ஊரில் உள்ளவர்களுக்குக் காட்டுவதற்காக எடுத்துக்கொள்வது. சௌக்கியமாக இருக்கிறவர்கள் அதை எதற்குப் படம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் தொழில் நடக்குமா?

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து வல்லம் போகிற வழியில் என் கடை. கார் கம்பெனி, லாரி கம்பெனி, அவற்றுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி என்று வரிசையாக வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நெல் போட்டவர்கள் அதை விட்டுவிட்டு லைன் வீடு கட்டினார்கள். லைன் வீடு என்றால் நீளமாக ஒரு சுவர், அதில் வரிசையாகக் கதவுகள், மேலே சிமெண்ட் ஷீட், கோடியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு பாத்ரூம். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஆறேழு பையன்கள் இருப்பார்கள். பகல் ஷிப்டுக்குப் போகிறவன் எழுந்த பாயில் இரவு ஷிப்ட் முடித்தவன் வந்து படுப்பான். பாயில் சூடு ஆறுவதே கிடையாது.

ஊர்ப் படத்துக்கு வரும்போது அந்தப் பாயோடா வருவார்கள்? ரூமுக்கே பொதுவாக ஒரு நல்ல சட்டை இருக்கும். ஒருவன் கழற்ற, அடுத்தவன் மாட்டிக்கொள்வான். கடை வாசலில் நிற்கும் என் வீட்டுக்காரரின் பைக்கில் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அந்த பைக் திருநெல்வேலி, தேனி, ராமநாதபுரம் என்று படத்திலேயே ஊர் சுற்றியது. என் வீட்டுக்காரர் தாம்பரத்தைத் தாண்டிப் போனதில்லை. "இன்னாடி இது, என் வண்டிக்கு இத்தினி ஓனரா?" என்று சிரிப்பார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "மூஞ்சிய ஏன்டா இப்டி வெச்சிக்கினு கீற? உங்கம்மா பாத்தா காய்ச்சல்னு பயந்துடும், சிரி" என்று அதட்டித்தான் படம் எடுப்பேன். அதட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சூப்பர்வைசரை விட்டால் அவர்களை அதட்ட அங்கே வேறு ஆள் இல்லை.

அந்தப் பெண் முதலில் வந்தது அடையாள அட்டைப் படத்துக்குத்தான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். வண்டிக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் வாசம். ஒரே கம்பெனி பஸ்ஸில் வந்த பையன் ஒருவனோடு பழக்கமாகி, கல்யாணம் வரைக்கும் போய்விட்டது. வேறு ஜாதி. இரண்டு வீட்டிலும் கதவைச் சாத்திவிட்டார்கள். கோயிலில் மாலை மாற்றும்போது பக்கத்தில் நின்றது ஷிப்ட் முடித்து வந்த தோழிகள் நாலு பேரும், கேமராவோடு நானும்தான். அட்சதை போடவும் ஆள் குறைவாக இருந்ததால், ஒரு கையால் அட்சதை போட்டு மறு கையால் படம் எடுத்தேன். அந்தப் படங்கள் கொஞ்சம் ஆடித்தான் இருக்கும்.

இருவரும் ஓனரம்மாவின் லைன் வீட்டில் ஓர் அறை எடுத்தார்கள். ஓனரம்மா எனக்குத் தூரத்துச் சொந்தம். நிலத்தை விற்றுக் கட்டியது எல்லாம்: முன்னால் மாடி வீடு, பின்னால் லைன் வீடு. கையில் எப்போதும் சாவிக்கொத்து. தண்ணீர் வீணாகிறது, விளக்கு எரிகிறது என்று நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருப்பாள். குழம்பு மிஞ்சினால் பின்பக்கக் கதவுகளில் ஒன்றைத் தட்டி ஊற்றிவிட்டுப் போவாள். ஊற்றும்போதும் திட்டிக்கொண்டேதான் ஊற்றுவாள்.

ஐந்தாம் மாதத்தில் அந்தப் பெண் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏக்கா, ஒரு ஊர்ப் படம் எடுக்கணும். வயிறு தெரியணும். வீடும் நல்லாத் தெரியணும்."

"எந்த வூடு? உன் ரூமா? அதுல கேமராவ உள்ள வெச்சிட்டு நான் வெளிய நின்னாத்தான் நீ நிக்க எடம் இருக்கும்."

சிரித்தாள். சிரித்து முடித்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க பக்கம் ஏழாம் மாசம், இல்லன்னா ஒம்பதாம் மாசம் அம்மா வீட்ல இருந்து வந்து வளைகாப்புப் போட்டுக் கூட்டிட்டுப் போவாவக்கா. மொதப் பேறு அம்மா வீட்லதான். எங்கப்பா என் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாவ. போன் பண்ணுனா எங்க குரலக் கேட்டதும் கட் பண்ணிருதாவ. நான் மாசமா இருக்கேன்னே அம்மாக்குத் தெரியாது. படம் போனா தெரிஞ்சுரும்லா. தெரிஞ்சா வந்துருவா."

"அப்போ ரூம்லயே எடுத்துடலாமே. இருக்கறதுதானே?"

"வேண்டாம்க்கா. பாத்தியா, ஓடிப்போனவ என்ன பாடு படுதான்னு ஊர்ல பேசுவாவ. நான் தோத்துட்டேன்னு தெரியக் கூடாது. நல்லா இருக்கேன், ஆனா அம்மா வேணும். அப்படித் தெரியணும்."

இரண்டும் ஒரே படத்தில் தெரிய வேண்டும் என்று அவள் கேட்டாள். அதில் என்ன கஷ்டம், நாளைக்கே எடுத்துவிடலாம் என்று நானும் சொன்னேன்.

ஓனரம்மாவின் ஹாலைக் கேட்கலாம் என்பது அவள் யோசனை. போய்க் கேட்டது நான்.

"இன்னாது, படம் புடிக்க என் ஹாலா?" என்றாள் ஓனரம்மா. "நல்லா கீதே கதை." கொஞ்ச நேரம் சாவியை ஆட்டிக்கொண்டிருந்தாள். "சரி, புடிச்சிக்கோ. சோபா மேல காலு வெக்கக் கூடாது. பிரிட்ஜ தொடச்சிட்டு எடு, புள்ளைங்க வெரல் அச்சா கீது."

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணைக் கூப்பிட அவள் அறைக்குப் போனேன். வெயில் நேரம். ஷீட் கூரையின் கீழே அடுப்புக்குள் நிற்கிற மாதிரி இருந்தது. அவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கியிருந்தது. மடியில் தட்டு, தட்டில் மோர் சாதமும் ஊறுகாயும். அவள் தலைக்கு மேலே கொடியில் இரண்டு யூனிபார்ம் காய்ந்தது. பக்கத்தில் ஸ்டவ், அதன் பக்கத்திலேயே சுருட்டிய பாய். வெளிச்சம் எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு படம் எடுத்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

"ஐயோ, என்னக்கா நீங்க! அத அழிச்சிருங்க."

"சரி, அழிச்சிடறேன். நீ சாப்ட்டு பொடவைய கட்டு" என்றேன். அப்புறம் நடந்த அமர்க்களத்தில் அழிக்க மறந்துவிட்டேன்.

அமர்க்களம் என்றேனே, அது ஓனரம்மா செய்தது. நாங்கள் ஹாலுக்குள் நுழைந்து, அந்தப் பெண்ணை சோபாவில் உட்கார வைத்து, பின்னால் பிரிட்ஜ் தெரிகிற மாதிரி நான் கேமராவைச் சரிசெய்துகொண்டிருந்தபோது ஓனரம்மா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அரக்குப் பட்டுப் புடவை, தலையில் பூ, கழுத்தில் இருந்த சங்கிலியோடு இன்னும் இரண்டு.

"இன்னா பாக்கற? என் வூட்ல படம், நான் இல்லாமயா?"

போய் அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கையைப் போட்டுக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கோ சந்தோஷம். "நல்லதுதாங்க்கா. பெரியவங்க ஒருத்தவங்க பக்கத்துல இருந்தா நல்லாத்தான இருக்கும்" என்றாள். அவள் புருஷன் அன்றைக்கு ஓ.டி. பார்க்கப் போயிருந்தான். ஆகவே படத்தில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

நான் அந்தப் படத்தை நன்றாகவே எடுத்தேன். இந்த ஊரில் பிறந்து இதே ஊரில் வாடகைக்கு இருக்கிறவள் நான். எங்கள் அப்பா நிலத்தை அண்ணன்மார் விற்றபோது என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதனால் மாடி வீட்டுக்குள் போனால் எனக்கு வயிறு கொஞ்சம் எரியும். அன்றைக்கு அந்த எரிச்சல் இல்லை. என் வீட்டையே எடுக்கிற மாதிரி ஜன்னல் திரையைச் சரிசெய்து, தரையில் வெளிச்சம் விழ வைத்து, சோபாவையும் பிரிட்ஜையும் மாடிப்படியையும் பார்த்துப் பார்த்து எடுத்தேன். அத்தனைக்கும் நடுவில் பட்டுப் புடவையில் ஓனரம்மா அணைத்திருக்க, அந்தப் பெண் வயிற்றில் கை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மகாராணி மாதிரி இருந்தாள்.

படத்தை அவள் சித்தி வீட்டு விலாசத்துக்கு அனுப்பினோம். லைன் வீட்டுக்குக் கதவு எண் ஏது? அனுப்புகிறவர் விலாசத்துக்கு என் கடையையே போட்டாள். படத்தின் பின்னால் வழக்கம்போல என் ஸ்டுடியோ ரப்பர் ஸ்டாம்பு, போன் நம்பரோடு.

அதற்கப்புறம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினால் நேரே என் கடை. "போன் ஏதும் வந்துச்சாக்கா?"

"வந்தா சொல்லாம இருப்பேனா? போ, போய் படு."

ஆறாம் மாதம் முழுக்க அதே கேள்வி, அதே பதில். ஏழாம் மாதமும் வந்தது. யாரும் வரவில்லை. கடைசியில் ஓனரம்மாவே கண்ணாடி வளையல் வாங்கி வந்து, ஹாஸ்டல் தோழிகளையும் என்னையும் கூப்பிட்டுப் போட்டுவிட்டாள். "வர்றவங்க வரட்டும், புள்ள அதுக்காக காத்துக்கினு இருக்குமா?" என்று கத்திக்கொண்டே போட்டாள். அந்தப் பெண் வளையலைப் பார்க்கவில்லை, கேட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேமராவைத் தூக்கினேன். "வேண்டாம்க்கா" என்றாள். அதற்கப்புறம் கடைக்கு வந்தாலும் போன் வந்ததா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். கேட்காமல் போகும்போது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எட்டாம் மாதத்தில் புருஷனுக்குக் காண்டிராக்ட் முடிந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு கூட்டத்தையே ஒரே நாளில் போகச் சொல்லிவிட்டார்கள். ஓசூர்ப் பக்கம் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார்கள். சாமான் என்று பெரிதாக என்ன, இரண்டு பை, ஒரு ஸ்டவ், சுருட்டிய பாய்.

"போனதும் நம்பர் அனுப்பு" என்றேன்.

"அனுப்புதேன்க்கா." வாசல் வரை போய்த் திரும்பினாள். "எங்கம்மா யாராச்சும்..." என்று ஆரம்பித்து, "ஒண்ணுமில்லக்கா" என்று போய்விட்டாள்.

நம்பர் வரவில்லை. பழைய நம்பர் உபயோகத்தில் இல்லை என்று சொன்னது. லைன் வீட்டிலிருந்து போகிறவர்கள் அப்படித்தான். சிம்மையும் ஊரோடு மாற்றிவிடுவார்கள்.

அவள் போய் ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. மதியம் கடையில் தனியாக இருந்தேன். ஐம்பது வயது இருக்கும், கறுத்து மெலிந்த ஓர் அம்மா, இரண்டு கையிலும் பை, வியர்வையில் நனைந்துபோய் உள்ளே வந்தார். ஒரு படத்தைத் திருப்பி ஸ்டாம்பைக் காட்டினார்.

"யம்மா, இது ஒங்க கடைதானா? இந்த வீட்டுக்கு எப்படிப் போவணும்?"

படத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதே மூக்கு.

தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது அவர் பைகளைத் திறந்து ஒன்றொன்றாக எடுத்து வைத்தார். கருப்பட்டி. சுக்கும் மிளகும் இடித்த பிரசவ மருந்து. பிள்ளைக்குச் சுற்றத் துவைத்து மடித்த பழந்துணி. எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து, கவர் பிரிக்காத ஒரு பட்டுப் புடவை.

"மகளுக்கு வாங்கினீங்களா?" என்றேன்.

"அவளுக்கு இல்லம்மா. இது சம்பந்தியம்மாக்கு."

"எந்தச் சம்பந்தி?"

படத்தில் ஓனரம்மாவின் மேல் விரலை வைத்தார்.

அந்த அம்மா தானாகப் பேசிக்கொண்டே போனார்.

"படம் வந்த அன்னிக்கே அவ அப்பா 'போய்ப் பிள்ளயக் கூட்டிட்டு வா'ன்னுட்டாவம்மா. வயித்தப் பாத்ததும் அவியளுக்கு மனசு எளகிட்டு. நாந்தான் போவல. மாப்பிள்ள வீட்ல சேத்துக்கிட்டாவ, எவ்வளவு பெரிய வீடு, மாமியார் தோள்ல கை போட்டுல்லா வச்சிருக்காவ. பெத்த நாங்க கல்யாணத்துக்கும் போவல. இப்பம் வெறுங்கையோட போயி அந்த அம்மா முன்னாடி எப்படி நிக்க? போன்ல கூப்புட்டா மரியாதையா? குட்டியா நின்ன ஆடு கொஞ்சம் வளரட்டும், வித்து அவியளுக்கு ஏத்த மாதிரி ஒரு சேல எடுத்துட்டு மொறையாப் போவோம்னு நின்னுட்டேன். ஏழுல முடியாட்டி என்ன, ஒம்பதுல கூட்டிட்டு வருவோம்னு. ஒம்பது நடக்குல்லா இப்பம்?"

நடக்கிறது என்று தலையாட்டினேன். அவர்கள் இங்கிருந்து போய்விட்டதை அப்புறம்தான் சொன்னேன். எங்கே என்று தெரியாது என்றும் சொன்னேன். நான் சொன்னதை அவர் நம்பவில்லை. "சொந்த வீட்ட விட்டுட்டு எங்கம்மா போவாவ?" என்றார்.

அழைத்துக்கொண்டு போனேன். ஓனரம்மா வாசலில் குழாயைத் திட்டிக்கொண்டு நின்றாள். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, அங்கேயே நின்றபடி பையிலிருந்து புடவையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். "மன்னிச்சுக்கிடுங்க சம்பந்தி, வர நாளாயிட்டு."

ஓனரம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் சாவிக்கொத்து கையிலிருந்து விழுந்தது.

"ஐயோ, எம்மா! நான் உன் பொண்ணுக்கு யாருமில்லம்மா. வாடகை வாங்கறவ. சும்மா ஆசைக்கு நின்னேன்மா, படத்துல." அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். ஓனரம்மா அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

அந்த அம்மா அழவில்லை. "எம்மவ இருந்த எடம் எது?" என்று மட்டும் கேட்டார். பின்னால் கூட்டிப் போனோம். அறையில் புதிதாக வந்த பையன்கள் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார், அடுப்புக் கரி படிந்த சுவரைப் பார்த்தார். சுவரில் ஒரு ஆணி இருந்தது. அது கொடி கட்டிய ஆணி.

திரும்பிக் கடைக்கு வந்ததும் கேட்டார். "வேற படம் ஏதும் இருக்காம்மா அவளது?"

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கம்ப்யூட்டரில் தேடினேன். இருந்தது. மோர் சாதமும் வீங்கின காலும் யூனிபார்மும் பாயும். பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். கால் வீக்கத்தை விரலால் தடவினார்.

"இத அனுப்பியிருந்தா அன்னிக்கு பஸ்ஸுக்கே வந்திருப்பனே. இதுக்கு சேல எதுக்கு?"

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் படத்தைப் பழந்துணிக்குள் பொதிந்து பையில் வைத்துக்கொண்டார். மற்றதை, சோபாப் படத்தை, என் மேஜை மேல் வைத்தார். "இது நீங்களே வச்சுக்கிடுங்கம்மா." மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் என்று தங்கச்சி வீட்டு நம்பரைச் சொன்னார். படத்தின் பின்னால் ஸ்டாம்புக்குக் கீழே எழுதிக்கொண்டேன். பஸ் ஏற்றிவிட்டேன். அந்தப் புடவையும் அவரோடே போயிற்று.

ஓசூரில் வேலை பார்த்துவிட்டு வந்த பையன்கள் எத்தனை பேரைக் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. தெரியவில்லை என்றார்கள். சித்தி வீட்டுக்கு அவ்வப்போது போன் போடுவேன். அங்கேயும் ஒன்றும் இல்லை. யாரும் தன்னைத் தேடி வரவில்லை என்று அவள் இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பாள் என்பதுதான் என்னால் தாங்க முடியாத விஷயம். அவள் அம்மா வந்தார். இருந்ததிலேயே நல்ல மரியாதையோடு வந்தார். அதை அவளிடம் சொல்ல எனக்கு வழி இல்லை. அந்தப் படத்தை அவ்வளவு நன்றாக எடுத்திருக்கவே வேண்டாம் என்று இப்போதும் தோன்றும்.

சோபாப் படத்தைப் பெரிதாக்கி, சாலையிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி கடைக் கண்ணாடியில் மாட்டினேன். என்றைக்காவது அவள் கம்பெனி பஸ்ஸில் இந்த வழியாகப் போனால் கண்ணில் படும், இறங்கி வருவாள் என்று. இப்போது எல்லார் கையிலும் கேமரா வைத்த போன் வந்துவிட்டது. ஊர்ப் படத்துக்கு யாரும் என்னிடம் வருவதில்லை. அவரவர் ஊர்ப் படத்தை அவரவரே எடுத்து அனுப்பிக்கொள்கிறார்கள். வெயில் பட்டுப் பட்டு, மாட்டிய படத்தில் ஓனரம்மாவின் அரக்குப் புடவை வெளுத்துவிட்டது.

போன வாரம் புதுசாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று அடையாள அட்டைப் படத்துக்கு வந்தது. வந்த பெண் கடைக் கண்ணாடிப் பக்கம் நின்று படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, இந்த வீடு எங்க இருக்கு? இதுல ஒரு ரூம் வாடகைக்குக் கெடைக்குமா?"

"அது ஓனர் வூட்டு ஹாலும்மா. வாடகைக்கு இல்ல."

"அப்ப இந்த அக்கா அங்கதான் இருக்காங்களா?"

இல்லை என்றேன். நீங்கள் எந்தக் கம்பெனி, ஓசூர்ப் பக்கம் யாராவது தெரியுமா என்று அவளிடமும் கேட்டேன்.